இடுப்பில் அடிபட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்: சிறுநீர்ப் பாதைக் காயமும் முதல் சில மணி நேரமும்

சாலை விபத்தில் விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவர்கள் முதலில் தலையைப் பார்க்கிறார்கள். பிறகு கை, கால். இரத்தம் கொட்டும் இடம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கால் முறிந்தால் வலியில் அவரே கத்திச் சொல்லிவிடுவார். ஆனால் ஒரு காயம் யாரும் வாய் திறந்து சொல்லாமலேயே மருத்துவமனை வாசல் வரை, சில நேரம் வார்டு கட்டில் வரை போய்விடுகிறது. இடுப்பெலும்பு உடையும்போது அதோடு சேர்ந்து அறுபடும் சிறுநீர்ப் பாதைக் காயம்தான் அது.

அடிபட்ட இடம் மறைவிடம். அடிபட்ட பையன் அத்தாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்படுகிறான். உடன் வந்த நண்பர்கள் கேட்கத் தயங்குகிறார்கள். அந்த மௌனத்துக்கு நடுவில், 'மூத்திரம் போகவில்லையா? ஒரு டியூப் போட்டுவிடலாம்' என்று யாரோ அவசரப்பட்டு ஒரு குழாயை நுழைத்துவிட்டால், பாதி கிழிந்திருந்த பாதை முழுவதும் அறுந்துபோகக்கூடும். அதனால்தான் இந்த விஷயத்தைக் கூச்சத்தை ஒதுக்கிவைத்து எழுதுகிறோம். வீட்டில் உள்ள ஆண்களும் பெண்களும் படிக்க வேண்டிய செய்தி இது.

நம் பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

திருநின்றவூர், பட்டாபிராம், ஆவடி, வேப்பம்பட்டு மக்கள் தினமும் போய்வருவது சி.டி.எச். சாலையில். லாரி, பேருந்து, ஷேர் ஆட்டோ, இரு சக்கர வாகனம் எல்லாம் ஒரே சாலையில் நெருக்கியடித்துப் போகின்றன. நெமிலிச்சேரிப் பக்கம் வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை. அங்கே வாகனங்களின் வேகம் இன்னும் அதிகம். வடக்கே பெரியபாளையம் போகும் சாலை. இவற்றோடு புறநகர் ரயில் தண்டவாளம், புதிதாக எழும் கட்டடங்களில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் கொத்தனார்கள், பெயின்டர்கள்.

இடுப்பெலும்பு எளிதில் உடையாது. அதை உடைக்கப் பெரிய விசை வேண்டும். இரு சக்கர வாகனம் வேகமாகப் போய் மோதும்போது ஓட்டுபவரின் இடுப்பு பெட்ரோல் டேங்கில் போய் இடிப்பது, லாரிச் சக்கரம் இடுப்பில் ஏறுவது, இரண்டு வண்டிக்கு நடுவில் நசுங்குவது, உயரத்திலிருந்து விழுவது ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். இடுப்பெலும்பு உடைந்த ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் வரை சிறுநீர்ப் பாதையிலும் காயம் இருக்கலாம் என்பது மருத்துவ நூல்கள் பொதுவாகத் தரும் கணக்கு. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிற, வண்டி ஓட்டுகிற இளவயது ஆண்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

சிறுநீர்ப்பையில் சேரும் சிறுநீர் வெளியேறும் பாதையை மருத்துவர்கள் 'யூரித்ரா' என்பார்கள். ஆண்களுக்கு இது சுமார் 18 முதல் 20 செ.மீ. நீளம், பெண்களுக்குச் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி இருக்கிறது. அதன் நடுவே இறங்கும் பாதை, இடுப்பின் அடித்தளத் தசைகளைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வருகிறது. புராஸ்டேட், இடுப்பின் முன்பக்க எலும்போடு நார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது.

எலும்புக்கூடு ஒரு பக்கம் நகர, அடித்தளத் தசை அங்கேயே நிற்க, நடுவில் மாட்டிய மெல்லிய பாதை இழுபட்டுக் கிழிகிறது. சிலருக்குப் பாதி கிழியும். சிலருக்கு முழுவதும் அறுந்து, இரண்டு முனைகளும் விலகிப் போகும். உடைந்த எலும்பிலிருந்து வடியும் இரத்தம் கட்டியாகித் தேங்கி, சிறுநீர்ப்பையை மேலே தள்ளிவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. சைக்கிள் பார், சுவர் விளிம்பு, திறந்து கிடக்கும் சாக்கடை மூடி ஆகியவற்றின் மேல் கால்களை விரித்த நிலையில் விழும்போது, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள பகுதியில் நேரடியாக அடிபடும். எலும்பு உடையாமலேயே பாதை நசுங்கும். சிறுவர்களுக்கு இது அதிகம். அன்றைக்கு வலி குறைந்ததும் மறந்துவிடுவார்கள். சில மாதமோ சில ஆண்டோ கழித்துச் சிறுநீர் நூல் போல வர ஆரம்பிக்கும்போதுதான் பழைய அடி நினைவுக்கு வரும்.

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

இடுப்பிலோ அடிவயிற்றிலோ கவட்டிலோ பலமாக அடிபட்டவரிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்:

- சிறுநீர்த் துவார நுனியில் ஒரு துளி இரத்தமாவது தெரிவது, உள்ளாடையில் இரத்தக் கறை
- சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வு இருந்தும் வராமல் இருப்பது
- அடிவயிறு பானை போல உப்பி, தொட்டால் வலிப்பது
- விதைப்பை, தொடை இடுக்கு, ஆசனவாய்க்கு முன்பகுதி வீங்கிக் கறுத்துப்போவது
- வந்த சிறுநீர் சிவப்பாக இருப்பது
- பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக இரத்தம் வருவது

இரத்தம் தெரியவில்லை என்பதால் காயமே இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. சிலருக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் அறிகுறி தெரியும். அடிபட்டவர் மயக்கத்தில் இருந்தால், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், உடையில் எங்கே இரத்தம் இருந்தது என்று பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நனைந்த உடையை மாற்றிச் சுத்தம் செய்துவிட்டுக் கொண்டுபோவது நல்லெண்ணம்தான். ஆனால் மருத்துவருக்கு வேண்டிய அடையாளமும் அதோடு போய்விடுகிறது.

விபத்து நடந்த இடத்தில் நாம் செய்ய வேண்டியது

இடுப்பெலும்பு முறிவில் முதலில் உயிரைப் பறிப்பது இரத்த இழப்பு. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் இடுப்புக்குள்ளேயே 2 லிட்டருக்கும் மேல் இரத்தம் தேங்கிவிடலாம். அதனால்:

1. 108-ஐ அழையுங்கள். இடுப்பில் அடிபட்டிருக்கிறது என்பதைச் சொல்லியே அழையுங்கள்.
2. உட்கார வைக்காதீர்கள், நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். ஷேர் ஆட்டோவில் மடித்துத் திணிப்பதும், இரு சக்கர வாகனத்தில் நடுவில் உட்காரவைத்துப் போவதும் உடைந்த எலும்பை மேலும் நகர்த்தி இரத்தப்போக்கைக் கூட்டும்.
3. தேவையில்லாமல் புரட்ட வேண்டாம். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் நாலைந்து பேர் சேர்ந்து உடம்பை ஒரே கோட்டில் வைத்துத் தூக்குங்கள். இடுப்பை இறுக்கிக் கட்டும் பட்டையை ஆம்புலன்ஸ் ஊழியர்கள் போடுவார்கள்.
4. தண்ணீர், சோடா, டீ எதுவும் கொடுக்காதீர்கள். அறுவை அரங்குக்குப் போக வேண்டியிருக்கலாம்.
5. 'முக்கிப் பார், வந்துவிடும்' என்று சிறுநீர் கழிக்கச் சொல்லாதீர்கள். பாதை கிழிந்திருந்தால் சிறுநீர் சுற்றியுள்ள சதைக்குள் கசிந்து சீழ் பிடிக்கும்.

உதவப் போனால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவாக அது இடம்பெற்றும்விட்டது. நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

எந்த மருத்துவமனைக்கு?

திருநின்றவூரிலிருந்து கிழக்கே சென்னை சென்ட்ரல் சுமார் 30 கி.மீ. தொலைவு. மேற்கே திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அதைவிடப் பக்கம். அந்தக் கல்லூரி 2022 ஜனவரியில் முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருப்பவரைப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும் என்று சென்னை வரை கொண்டுபோவது ஆபத்து. முதலில் பக்கத்தில் உள்ள, அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்தில் இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தி நிலைப்படுத்த வேண்டும். பிறகு தேவைப்பட்டால் எலும்பு, யூராலஜி ஆகிய இரண்டு பிரிவும் உள்ள இடத்துக்கு மாற்றலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் யூராலஜி பிரிவு இருக்கிறது.

டியூப் போடுவதற்கு முன் ஒரு படம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நோயாளிக்குச் சிறுநீர் டியூப், அதாவது கதீட்டர், போடுவது வழக்கமான வேலை. எவ்வளவு சிறுநீர் வருகிறது என்று அளந்தால்தான் உடம்பில் இரத்த ஓட்டம் போதுமா என்று தெரியும். ஆனால் துவாரத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பியிருந்தாலோ கண்ணை மூடிக்கொண்டு டியூபை நுழைக்கக் கூடாது. கிழிந்த இடத்தில் டியூப் வழி தவறி வெளியே போய்விடலாம். பாதிக் கிழிசல் முழு அறுப்பாகலாம். தேங்கிய இரத்தக்கட்டிக்குள் கிருமி போய்ச் சேரலாம். டியூப் நுனியில் உள்ள பலூனைக் கிழிந்த பாதைக்குள்ளேயே ஊதிவிட்டால் சேதம் இரட்டிப்பாகும்.

அதற்குப் பதில் ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். துவாரத்தின் வழியாகச் சிறிதளவு சாய மருந்தை மெதுவாகச் செலுத்திப் படமெடுப்பார்கள். 'ஆர்.ஜி.யு.' என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். சாயம் தடையில்லாமல் சிறுநீர்ப்பை வரை போனால் பாதை நன்றாக இருக்கிறது. வழியில் கசிந்தாலும் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதிக் கிழிசல். கசிந்து அங்கேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் முழு அறுப்பு. இடுப்பில் அடிபட்டு, துவாரத்தில் இரத்தம் தெரிந்தால் இந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, சிறுநீர் அடைப்புக்கு வெள்ளியில் செய்த வழவழப்பான மெல்லிய குழாயைப் பயன்படுத்தும் முறையைத் தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் விவரித்திருக்கிறார். குழாய் அவ்வளவு பழையது. நுழைப்பதற்கு முன் பாதையைப் படமெடுத்துப் பார்க்கும் வசதிதான் நம் காலத்தில் கிடைத்தது. அதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

இதில் இரண்டு விலக்குகள் உண்டு. உயிர் ஊசலாடும் நிலையில் படத்துக்காகக் காத்திருக்க மாட்டார்கள். இரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை. இன்னொன்று, அனுபவமுள்ள மருத்துவர் ஒரே ஒரு முறை, மிக மென்மையாக, டியூப் போட்டுப் பார்க்கலாம். தடை தட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். 'இன்னொரு தரம் அழுத்திப் பார்ப்போம்' என்பது கூடாது. குடும்பத்தார் மருத்துவரோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. 'டாக்டர், நுனியில் இரத்தம் வந்தது. டியூப் போடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டுமா, யூராலஜி டாக்டரைக் கேட்க வேண்டுமா?' என்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டால் போதும்.

அடிவயிறு வழியாக ஒரு மாற்று வழி

பாதை அறுந்திருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே அதைத் திறந்து தைத்துவிடுவார்கள் என்றுதான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இரத்தம் தேங்கி, சதை வீங்கிக் கிடக்கும் இடத்தில் போய்த் தைத்தால் இரத்தப்போக்கும் பின்விளைவுகளும் அதிகம். அன்றைய அவசர வேலை சிறுநீரைப் பத்திரமாக வெளியேற்றுவது மட்டுமே.

தொப்புளுக்குக் கீழே, முன் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே சிறு துளையிட்டு, சிறுநீர்ப்பைக்குள் நேராக ஒரு டியூப் வைப்பார்கள். இதை 'எஸ்.பி.சி.' என்பார்கள். வெளியே ஒரு பை தொங்கும். பார்க்கும் குடும்பத்தாருக்கு மனம் உடைந்துபோகும்; 'வயிற்றைக் கிழித்து டியூப் போட்டுவிட்டார்களே' என்று அழுவார்கள். கிழிந்த பாதையைத் தொடாமல் ஓய்வு கொடுப்பதே இதன் நோக்கம். எலும்புக்கு முன்பக்கம் பிளேட் வைக்க வேண்டியிருந்தால் டியூபை எங்கே வைப்பது என்பதை எலும்பு மருத்துவரும் யூராலஜி மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

சில மருத்துவமனைகளில், நோயாளி நிலையாக இருந்தால் முதல் சில நாட்களில் தொலைநோக்கிக் கருவி மூலம் இரண்டு முனைகளையும் ஒரு டியூபின் மேல் நேர்படுத்தி வைப்பதும் உண்டு. அப்படிச் செய்தாலும் பின்னால் அடைப்பு வரலாம் என்பதால் தொடர் பரிசோதனை தேவை. சிறுநீர்ப்பையின் கழுத்தோ மலக்குடலோ சேர்ந்து கிழிந்திருந்தால் அறுவையைத் தள்ளிப்போட முடியாது.

பெண்களுக்கு இந்தக் காயம் அரிது. வந்தால் பிறப்புறுப்பும் சேர்ந்து கிழிந்திருக்கும் வாய்ப்பு அதிகம். பொதுவாக அதைத் தாமதிக்காமல் சரிசெய்கிறார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை, இருந்தால் அழைப்பார்கள். அவர் வரும்வரை பரிசோதனையே வேண்டாம் என்று நிறுத்திவைப்பது மட்டும் வேண்டாம். உயிர்காக்கும் அவசரத்தில் ஆண் மருத்துவர் பரிசோதிப்பதை மார்க்கம் தடுக்கவில்லை என்பது ஆலிம்கள் தொடர்ந்து சொல்லிவரும் விஷயம். இடுப்பெலும்பு உடைந்த பெண்ணுக்கு இந்தப் பரிசோதனை செய்யாமல் விட்டால் உள்ளே உள்ள கிழிசல் தெரியாமலேயே போய்விடும்.

மூன்று மாதப் பொறுமை

வீக்கம் வடிந்து, இரத்தக்கட்டி கரைந்து, தழும்பு உறுதியாகக் குறைந்தது 3 மாதம் பிடிக்கும். அதன்பின் மேலிருந்தும் கீழிருந்தும் சாயம் செலுத்திப் படமெடுத்து, இடைவெளி எவ்வளவு என்று பார்ப்பார்கள். பிறகு தழும்பை வெட்டியெடுத்து, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைப்பார்கள். 'யூரித்ரோபிளாஸ்டி' என்னும் இந்த அறுவை, அனுபவமுள்ள கைகளில் பெரும்பாலோருக்கு முதல் தடவையிலேயே வெற்றி தருகிறது. இதில் உலக அளவில் பெயர்பெற்ற நிபுணர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். புனேயில் டாக்டர் சஞ்சய் குல்கர்னியின் மையத்துக்கு வெளிநாட்டு மருத்துவர்களும் வந்து பயிற்சி பெறுகிறார்கள்.

முதல் அறுவைதான் மிக நல்ல வாய்ப்பு. அது தவறினால் அடுத்தது கடினம். அதனால் பொறுமையிழந்து, கம்பி விட்டு அகலப்படுத்துவதைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்வதற்கு முன், இந்த அறுவையை அடிக்கடி செய்யும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

டியூபோடு வீட்டில் இருக்கும் நாட்களில் பை எப்போதும் சிறுநீர்ப்பையை விடக் கீழே இருக்க வேண்டும். டியூப் மடங்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மருத்துவர் சொன்ன தேதியில் டியூபை மாற்ற வேண்டும். பொதுவாக 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. டியூப் தானாகக் கழன்று வந்துவிட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். துளை சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். காய்ச்சல், பையில் சிறுநீர் இறங்காமல் நிற்பது, அடிவயிற்று வலி ஆகியவையும் உடனே போக வேண்டிய அறிகுறிகள்.

தொழுகை பற்றிய கவலை

'மூத்திரப் பையோடு எப்படித் தொழுவது?' என்று தொழுகையை விட்டுவிட்டு மனம் நொந்து கிடப்பவர்கள் உண்டு. டியூபை எடுத்துவிடுங்கள் என்று மருத்துவரை நெருக்குபவர்களும் உண்டு. சிறுநீர் கட்டுப்பாடின்றி வருபவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. தொழுகை நேரம் வந்தபின் சுத்தம் செய்து, ஒளூச் செய்து, தொழுதுகொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்தோ படுத்தோ தொழலாம். ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே உள்ள நுணுக்கங்களை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமளானில் டியூபோடு இருப்பவர் நோன்பு வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தண்ணீர் குறைந்தால் டியூப் அடைக்கும், கிருமித்தொற்று வரும்.

பேசாமல் விடும் இன்னொரு விஷயம்

இந்தக் காயத்துக்குப் பின் சில ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் சிரமம் வருகிறது. இடுப்பு நொறுங்கும்போது நரம்பும் இரத்தக் குழாயும் அடிபடுவதே பெரும்பாலும் காரணம். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மேம்படும். மற்றவர்களுக்கு மாத்திரையிலிருந்து பல படிகளில் சிகிச்சை இருக்கிறது. யூராலஜி மருத்துவரிடம் இதை வெளிப்படையாகக் கேளுங்கள். அவர்கள் தினமும் கேட்கும் கேள்விதான் இது. மணமானவர் மனைவியையும் அழைத்துப் போவது நல்லது. மணமாகாத மகனுக்கு, 'நிக்காஹ் செய்துவைத்தால் சரியாகிவிடும்' என்று மறைத்து ஏற்பாடு செய்வது அவனுக்கும் அநீதி, வரப்போகும் பெண்ணுக்கும் அநீதி. முதலில் சிகிச்சை, பிறகு உண்மையைச் சொல்லிச் சம்பந்தம்.

செலவும் ஆவணங்களும்

2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலைகளில் விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. தொடங்கியபோது வரம்பு 1 லட்சம் ரூபாய். திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும். காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் 7 நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. பிறகு வரும் யூரித்ரோபிளாஸ்டிக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பயன்படுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

மருத்துவமனையில் முதல் நாள் எழுதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். நகலில், கால் முறிவோடு சிறுநீர்ப் பாதைக் காயமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாதங்கள் கழித்து நடக்கும் அறுவைக்கு இழப்பீடு கேட்கும்போது, முதல் நாள் பதிவு இல்லாவிட்டால் சிரமம் வரலாம். கூச்சத்தால் சொல்லாமல் விட்டது அங்கேயும் நம்மைத் தடுக்கும். எக்ஸ்ரே படம், ஸ்கேன், டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து வேறு மருத்துவர் பார்க்கும்போது அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

வண்டி ஓட்டும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அத்தாவோ அண்ணனோ இதை ஒருமுறை பேசிவிடுங்கள்: இடுப்பில் அடிபட்டால் நடக்காதே, முக்காதே, இரத்தம் வந்தால் மறைக்காதே. அந்த மூன்றையும் அவன் நினைவில் வைத்திருந்தால், மருத்துவர் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ய வழி கிடைக்கும்.